எண்பத்தோராவது வழி

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டியவள், செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நான் ஏமாத்தலைங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அதை யாராவது நிரூபிச்சுக் கொடுக்கணும்."

கதவைத் திறந்த கொழுந்தனாருக்கு உடம்பு சிலிர்த்தது. வயது ஐம்பத்திரண்டு. தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. வாரம் முழுக்க "கிளட்சை விடுங்க, மெதுவா விடுங்க" என்று கத்தித் தொண்டை வறண்ட மனிதருக்கு, விடுமுறை நாளில் இப்படி ஒரு வாசகம் வாசல் தேடி வருவது லேசான விஷயமா?

"வாங்க, உள்ள வாங்க! அண்ணி, கேஸ்!"

"காதுல விழுந்தது தம்பி. தெருக்கோடிக்கும் விழுந்திருக்கும்."

அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்கடிகாரப் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் சந்தேகப் பத்திரங்களைப் பரிசோதிக்கும் மேசையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகங்கள் அவரைத் தேடி வந்தபடிதான் இருந்தன. ஊசியைப் பத்திரமாகக் குத்தி வைத்துவிட்டு, "உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி. அப்புறம் சொல்லு," என்றார்.

"கேம் ஜாம்னு ஒரு போட்டி மேடம்."

"எனக்குத் தெரிஞ்ச ஜாம் நாலு ரோடு சந்திப்புல தினமும் நடக்குது," என்றார் கொழுந்தனார்.

"தம்பி."

"இல்ல, சும்மா சொன்னேன்."

வந்தவள் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒரு தலைப்பு கொடுப்பாங்க. ஞாயிறு ஆறு மணிக்குள்ள அதை வச்சு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செஞ்சு அனுப்பணும். படம், சத்தம், வசனம், எல்லாமே அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துல பிறந்ததா இருக்கணும். முன்னாடியே எழுதி வச்சது ஏதாவது சேர்த்தா அதைச் சொல்லிடணும். நான் எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன். முதல் பரிசு எனக்குத்தான் வந்தது."

"பரிசு என்ன?"

"வேலை மேடம். விளையாட்டுக்கு வசனம் எழுதுற வேலை. பதினோரு வருஷமா லிப்ட் கம்பெனியில புகார் போன் எடுக்கறேன். நடுவுல மாட்டிக்கிட்டவங்க அலறுவாங்க. 'ஆள் வந்துக்கிட்டிருக்காங்க, பயப்படாதீங்க'ன்னு சொல்லணும். சொல்லிச் சொல்லி நானே உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. இப்பத்தான் கதவு திறந்தது. அதுக்குள்ள யாரோ மொட்டைக் கடிதம் போட்டுட்டாங்க."

அவள் கைப்பேசியை நீட்டினாள். ஒரு டைரியின் நான்கு பக்கங்கள், நான்கு படங்கள். மேலே அச்சடித்த தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது. கீழே பேனாவால் எழுதிய வசனங்கள்.

"எல்லாம் என் விளையாட்டுல வர்ற வசனம், ஒரு வார்த்தை மாறாம. நான் மூணு வாரத்துக்கு முன்னாடி எழுதினது, ஆறு வருஷத்துப் பழைய டைரியில எப்படி மேடம் இருக்கும்?"

"உன் எழுத்தா?"

"இல்லவே இல்ல. இந்த டைரியை நான் பார்த்ததும் இல்ல. இது யாருதா இருந்தா என்ன, பழசை எடுத்துப் போட்டுட்டேங்கறாங்க. அஞ்சு மணிக்கு விசாரணை. தப்புன்னு முடிவாச்சுன்னா வேலையும் போச்சு, இனிமே எந்தப் போட்டியிலயும் என் பேரைச் சேர்க்க மாட்டாங்க."

அண்ணி படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். எழுத்துகள் பெரியவை. ஒன்றோடொன்று ஒட்டாமல், கோலப் புள்ளி வைப்பது போல் தனித்தனியாக நின்றன. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு எண்: ஐம்பத்தேழு, அறுபத்தைந்து, எழுபத்திரண்டு, எண்பத்தொன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பெருக்கல் குறி. டைரியைச் சுற்றி எதுவும் தெரியாதபடி படத்தை வெட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவு நீலக் கட்டம் போட்ட துணி, அதில் பழுப்பாக ஒரு வளைவு.

"உன் விளையாட்டு என்னன்னு சொல்லு."

அவள் குரல் இறங்கியது. "தலைப்பு 'ஒரு நிமிஷம்'. ஒருத்தர் காலையில வேலைக்குக் கிளம்பி வாசல்ல நிக்கறார். அவர் இனிமே திரும்பி வரப்போறதில்லைன்னு விளையாடறவங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒரு நிமிஷத்துல நாலு வார்த்தை பேசலாம். ஒவ்வொண்ணுக்கும் திரையில மூணு விதம் வரும், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பொத்தானை அழுத்தணும். ஆக மொத்தம் எண்பத்தோரு வழி. எதைப் பேசினாலும் அவர் 'வரேன்'னு சொல்லிட்டுப் போயிடுவார்."

கொழுந்தனார் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன் வீட்டுக்காரரா?" என்றார் அண்ணி.

"மூணு வருஷம் ஆச்சு. மழையில வண்டி சறுக்கி... வசனமெல்லாம் அவர் பேச்சுதான். எழுதி வச்சிருந்ததில்ல. காதுல இருந்தது."

"விளையாட்டுல தப்பு ஏதாவது உண்டா?"

"ஒண்ணு இருக்கு. கடைசி அரை மணி நேரத்துல, தூக்கக் கலக்கத்துல, ஒரு எண்ணை மாத்திப் போட்டுட்டேன். அதனால நான் எழுதின ஒரு பதில் திரையில வரவே வராது. அனுப்பின பிறகுதான் பார்த்தேன். முடிவு உறுதியாகற வரைக்கும் தொடக்கூடாதுன்னு விதி. நல்லவேளை, யாரும் கவனிக்கல."

"இதுவரைக்கும் எத்தனை பேர் விளையாடியிருக்காங்க?"

"ஆயிரத்து இருநூறு தடவைன்னு காட்டுது. மத்தவங்களுக்கு இருநூறுகூடத் தாண்டல. அதுதான் எனக்கும் புரியல."

"வீட்டுல யார் யார்?"

"நானும் மாமியாரும். அவங்களுக்குக் கண் அவ்வளவா தெரியாது. எழுதறதுன்னா கையெழுத்துப் போடறது மட்டும்தான் பார்த்திருக்கேன். நாங்க பேசிக்கிறதும் குறைவு. அவர் போனதிலிருந்து, சாப்பிட்டீங்களா, ம், அவ்வளவுதான்."

"வெளியாள் யாராவது வந்தாங்களா?"

"மாடி வீட்டு எஞ்சினியர் செவ்வாய்க்கிழமை நெட் கேபிள் மாட்டிக் கொடுத்தார். அவரும் போட்டியில இருந்தார். ரெண்டாவது பரிசு."

கொழுந்தனார் தொடையில் ஓங்கித் தட்டினார். "முடிஞ்சது கேஸ்!"

"தொடை வலிக்கப் போகுது தம்பி. வண்டியை எடுங்க, இவ வீட்டைப் பார்க்கணும்."

*

பயிற்சிப் பள்ளியின் காரில் இடதுபக்கமும் ஒரு பிரேக் உண்டு. அண்ணி அங்கேதான் உட்காருவார். கொழுந்தனார் உணர்ச்சிவசப்படும்போதெல்லாம் வண்டி தானாக வேகம் குறைவது அதனால்தான். அந்தப் பெண் ஸ்கூட்டரில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"எஞ்சினியர் ஒரு பழைய டைரியைப் பிடிச்சான், விளையாட்டைப் பார்த்துக் காப்பி அடிச்சான், போட்டோ எடுத்து அனுப்பினான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"பொய்ப் பத்திரம் செய்யறவங்க எவ்வளவு செய்வாங்க தம்பி?"

"தேவையான அளவு."

"நாலு பக்கம் போதும்னா, எண்பத்தொண்ணுன்னு எதுக்கு எண் போடணும்? சிக்னல் விழுந்துடுச்சு, அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிங்க."

கொழுந்தனார், அவள் அனுப்பியிருந்த படத்தைத் தன் கைப்பேசியில் திறந்து, கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "'மழை வரும்போல இருக்கு.' 'வரட்டும்.' 'மெதுவாப் போங்க.' 'சரி.' 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே.' 'நேரமாச்சு.' 'குடை எடுத்துக்கிட்டீங்களா?' 'சாவி பையிலதான் இருக்கு. வரேன்.'" அவர் சிரித்துவிட்டார். "கேள்வி குடை, பதில் சாவி! என் வகுப்புல லெப்ட் திரும்பச் சொன்னா வைப்பரைப் போடற அம்மா மாதிரி."

அண்ணி சிரிக்கவில்லை. சிக்னல் பச்சையாகி, பின்னாலிருந்த பேருந்து அலறும் வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. ரொம்பப் பெரிய வேலை ஒண்ணு நடந்திருக்குன்னு தோணுது. நம்ம கையால தொடறதுக்கே யோசிக்கணும்போல."

*

வீடு சின்னது. கூடத்தில் கம்ப்யூட்டர் மேசை, அடுத்த அறையில் கட்டில். கட்டிலில் மாமியார், ஒரு கையைத் தலையணை மேல் அழுத்தி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு. வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உக்காருங்க," என்றார். மருமகளைப் பார்க்கவில்லை.

கட்டிலருகே ஒரு முக்காலி. அதன் மேல் நீலக் கட்டம் போட்ட விரிப்பு, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்பு வளைவு. விரிப்பின் மேல் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி ஒன்று.

கொழுந்தனார் அண்ணியின் முழங்கையைக் கிள்ளினார். அண்ணி அவர் காலை மிதித்தார்.

"பேப்பர் படிப்பீங்களாம்மா?" என்று பூதக்கண்ணாடியைக் காட்டிக் கேட்டார் அண்ணி.

"ஏதோ, பொழுது போகணுமே."

"பேப்பர் எங்க வாங்கறீங்க?"

மாமியார் பூதக்கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த வீட்டில் எங்கேயும் ஒரு செய்தித்தாள்கூட இல்லை.

அண்ணி கூடத்துக்கு வந்து மேசை முன் குனிந்தார். கொழுந்தனாரும் குனிந்தார். விசைப்பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்ற மூன்று பொத்தான்களின் மேல் மட்டும் நீல மசியின் கறை திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது.

"பேனா ஒழுகுது போல," என்றார் கொழுந்தனார்.

"பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டு, வேண்டாததைச் சொல்றதுல உங்களை மிஞ்ச ஆளில்ல தம்பி."

அண்ணி மறுபடி கட்டிலருகே போய், மாமியாருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். "அஞ்சு மணிக்கு நீங்களும் எங்க கூட வாங்கம்மா. தலையணைக்கு அடியில இருக்கறதையும் எடுத்துக்கங்க. அதை வச்சு உங்க மருமகளைத் திருடின்னு சொல்றாங்க."

மாமியாரின் முகத்தில் இருந்த அசைவெல்லாம் நின்றது. பிறகு, "அவளையா?" என்றார்.

*

விசாரணை ஒரு கணினிப் பயிற்சி மையத்தின் வகுப்பறையில். சுவரில் பெரிய திரை. நடுவர் அம்மாள் பக்குவமான மனுஷி, கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் பேசினார். மாடி வீட்டு எஞ்சினியர் கடைசி வரிசையில், பார்வையாளர் என்ற பெயரில். மருமகள் முன்வரிசையில் கைகளைப் பிசைந்துகொண்டு. மாமியார் கொழுந்தனாருக்குப் பக்கத்தில், மடியில் துணிப்பையுடன்.

"ஆறு வருஷத்துத் தேதி போட்டிருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் நடுவர் அம்மாள்.

"அந்தத் தேதியை அச்சகத்துக்காரர் போட்டார்," என்றார் அண்ணி. "எழுதினவங்க போடல. பழைய டைரியில இன்னைக்கும் எழுதலாம். அது முதல் விஷயம். ரெண்டாவது, நாலு பக்கத்தையும் பாருங்க. எல்லாமே ஒரே மாதிரி ஆரம்பிக்குது, 'மழை வரும்போல இருக்கு', 'வரட்டும்'. கதை எழுதறவ அதை ஒரு தடவை எழுதுவா. எதுக்குத் திரும்பத் திரும்ப எழுதணும்? ஒவ்வொரு தடவையும் வாசல்லேர்ந்து புறப்பட்டுப் போய்ப் பார்க்கறவங்கதான் அப்படி எழுதுவாங்க. இது எழுதினவ குறிப்பு இல்ல. விளையாடினவங்க குறிப்பு."

"ஊகம்," என்றார் கடைசி வரிசை எஞ்சினியர்.

"வாங்க தம்பி, முன்னாடி வந்து உக்காருங்க. உங்களுக்குத்தான் அடுத்தது." அண்ணி எண்பத்தோராம் பக்கத்தைத் திரையில் போடச் சொன்னார். "குடையைக் கேட்டா சாவின்னு பதில். எழுதினவ இப்படி எழுதுவாளா? அவ எழுதல. ஏம்மா, உன் விளையாட்டுல தப்பான இடம் எது?"

மருமகள் திரையையே பார்த்தாள். "அதுதான். எண்பத்தொண்ணுக்குப் போக வேண்டியதை எண்பதுக்கு அனுப்பிட்டேன். எண்பதாவது வழியில சாவியைப் பத்திக் கேட்பாங்க. அந்தப் பதில் இங்கேயும் வருது."

"ஆக, எழுத்துல இல்லாத தப்பு, திரையில மட்டும் வர்ற தப்பு, இந்த டைரியில இருக்கு. டைரியிலிருந்து விளையாட்டு வந்திருந்தா குடைக்கு உண்டான சரியான பதில் இங்க இருந்திருக்கணும். இல்ல. விளையாட்டுலேர்ந்துதான் டைரி வந்திருக்கு. நாற்பத்தெட்டு மணி நேரத்தோட கடைசி அரை மணியில நடந்த கைத்தவறு இது. அதுக்கு முன்னாடி யாரும் இதை எழுதியிருக்க முடியாது."

நடுவர் அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்படின்னா டைரி யாருது?"

"அதுக்கு முன்னாடி, படம் யாருது? மூலையில தெரியற நீலக் கட்டம் இவங்க வீட்டு முக்காலி விரிப்பு. இந்த மூணு வாரத்துல வீட்டுக்குள்ள வந்த வெளியாள் ஒருத்தர்தான்."

எஞ்சினியர் எழுந்தார். காது சிவந்திருந்தது. "கேபிள் இழுக்கும்போது தலையணை நகர்ந்தது, டைரி தெரிஞ்சது. பழைய தேதி. அவங்க வசனம். வேற என்ன நினைக்கறது? நான் பொய் ஒண்ணும் சொல்லலையே!"

"பொய் சொல்லல தம்பி. கேட்கவும் இல்ல. கீழ் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இந்த அம்மா இந்த நிலைமையில இங்க உக்கார்ந்திருக்க வேண்டாம்."

அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் திட்டவில்லை. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மாமியார் பையிலிருந்து டைரியை எடுத்து மேசை மேல் வைத்தார். கொழுந்தனார்தான் அதைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று... பக்கம் பக்கமாக அதே பெரிய எழுத்து, ஒவ்வொன்றும் பூதக்கண்ணாடிக்குள்ளிருந்து பொறுக்கி எடுத்து வைத்தது. அடியில் ஒரு பெருக்கல் குறி. இருபது, நாற்பது, அறுபது. அவர் விரல் தானாக மெதுவானது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை ஒன்றையே சொல்லிக்கொடுத்தவர் அவர். பொறுமை தன் தொழில் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை," என்றாள் மருமகள்.

"நீ ஆபீஸ் போனதும் உக்காருவேன்," என்றார் மாமியார். யாரையும் பார்க்காமல், டைரியைப் பார்த்தே பேசினார். "நீ வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே விளையாடினதை ஒரு நாள் பின்னாலிருந்து கேட்டேன். எம்புள்ள பேச்சு. அப்படியே. அன்னைக்கு அவன் கிளம்பும்போது நான் குளிச்சுக்கிட்டிருந்தேன். 'வரேம்மா'ன்னு கதவுக்கு வெளியிலேர்ந்து சொன்னான். தண்ணிச் சத்தத்துல நான் பதில்கூடச் சொல்லல. அந்த ஒரு நிமிஷம் உனக்குக் கிடைச்சது. எனக்குக் கிடைக்கல."

"எழுதினது எதுக்கும்மா?" என்று நடுவர் அம்மாள் மெல்லக் கேட்டார்.

"எண்பத்தோரு வழின்னு போட்டிருந்தது. ஏதாவது ஒண்ணுல அவன் நிப்பான்னு நினைச்சேன். போன வழியிலேயே திரும்பப் போயிடக் கூடாதேன்னு எழுதி வச்சேன். எனக்குப் படிக்க நேரமாகும். பாதி படிக்கறதுக்குள்ள நிமிஷம் முடிஞ்சுடும். திரும்ப முதல்லேர்ந்து. அவன் போயிட்டா ஒரு பெருக்கல் குறி."

நடுவர் அம்மாள் தன் மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தார். "ஒரே வீட்டுலேர்ந்து தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு தடவை," என்றார். "வார நாள். பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டறதுக்கு யாரோ செஞ்ச வேலைன்னு நினைச்சோம்."

தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அவன் போயிருக்கிறான். கொழுந்தனார் எழுந்து நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"எண்பத்தொண்ணையும் எழுதி முடிச்சப்புறம் ஏம்மா நிறுத்தல?" என்றார் அண்ணி.

"கடைசி ஒண்ணு இடிச்சுது. குடைன்னு கேட்டா சாவிங்கறான். எம்புள்ள கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றவன். அங்க ஏதோ மறைஞ்சிருக்குன்னு தோணுச்சு. அதனால திரும்பத் திரும்ப அதையே அழுத்திப் பார்த்தேன்."

முப்பத்தோரு வருடம் பத்திரங்களைப் பரிசோதித்த அண்ணி, கைகளைக் கூப்பாமல் கூப்பியது போலத் தலை தாழ்த்தினார். "நான் அரை நாள்ல கண்டுபிடிச்சதை நீங்க எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டீங்க. நாம ரெண்டு பேரும் தேடினது ஒரே இடம்தான்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "திரையில வராத அந்தப் பதில் என்னம்மா?"

மருமகள் டைரியிலிருந்து நிமிர்ந்து நடுவர் அம்மாளைப் பார்த்தாள்.

"போட்டிக்கு வந்ததைத் தொடக்கூடாது," என்றார் நடுவர் அம்மாள். "உன் பரிசு உன்கிட்டதான் இருக்கு, அதுல இனிமே பேச்சில்ல. ஒரு நகல் எடுத்து, அதுல மாத்து. அதைத் தடுக்க எங்க விதியில ஒண்ணுமில்ல."

அவள் மேசைக்குப் போய் நகல் எடுத்தாள். ஒரு எண்ணை அழித்து இன்னொன்றைத் தட்டினாள். அவ்வளவுதான் வேலை. பெரிய திரையில் வாசல் வந்தது. கதவு, வெளிச்சம், செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் முதுகு.

"வாங்க அத்தை. நீங்களே அழுத்துங்க."

மாமியாருக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. விரலுக்கு வழி தெரிந்திருந்தது. நாலாவது தடவை மூன்றை அழுத்தினார்.

குடை எடுத்துக்கிட்டீங்களா?

முதுகு திரும்பியது. எண்பது வழிகளிலும் திரும்பாத முதுகு. திரையின் அடியில் எழுத்து ஊர்ந்து வந்தது. மாமியாரால் அதைப் படிக்க முடியவில்லை, கண் நிறைந்திருந்தது. மருமகள்தான் படித்தாள், அவன் பேசுவது போலவே.

"'பெருசாத்தான் பெய்யும்போல. சரி, நின்னதும் போறேன். நகரு, உள்ள வரேன். அம்மா குளிச்சுட்டு வந்துட்டாங்களா?'"

அந்த முகம் திரையில் எவ்வளவு நேரம் நின்றது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருக்கும். கடைசி வரிசையில் எஞ்சினியர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"இதை எப்ப எழுதினே?" என்றார் மாமியார்.

"எல்லாத்துக்கும் கடைசியா அத்தை. நீங்க பக்கத்து ரூம்ல தூங்கறீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"தூங்கல."

மாமியார் டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். எண்பத்தொன்றின் கீழே போட்டிருந்த பெருக்கல் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேனாவை மருமகளிடம் நீட்டினார்.

"நீ எழுது. எனக்குக் கண்ணை மறைக்குது."

மருமகள் அந்தக் குறியை அடித்துவிட்டு, ஆறு வருடத்துப் பழைய தேதிக்குக் கீழே, தன் கையெழுத்தில், அந்தப் பதிலை எழுத ஆரம்பித்தாள்.

"அண்ணி," என்று கொழுந்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிசுகிசுத்தார், "இப்ப யாராவது போட்டோ எடுத்தா இந்தப் பொண்ணு மாட்டிக்குமே."

"எடுக்கட்டும் தம்பி," என்றார் அண்ணி. "நாம சாட்சி சொல்லலாம். நீங்க போய் வண்டியை வாசலுக்குக் கொண்டு வாங்க. ரெண்டு பேரையும் வீட்டுல விடணும். மெதுவா ஓட்டுங்க, இன்னைக்கு நான் பிரேக்கைத் தொடப் போறதில்ல."